அமெரிக்கக் கல்லூரிகளின் சம வாய்ப்புக் கொள்கை எதைக் குறிக்கிறது?

அமெரிக்கக் கல்லூரிகளின் மாணவர் கையேடுகளில் இடம்பெறும் சம வாய்ப்புக் கொள்கை என்பது, சேர்க்கை, வகுப்பு, விடுதி, வேலை ஆகிய எதிலும் இனம், பாலினம், பிறந்த நாடு, உடல் குறைபாடு போன்ற காரணங்களால் ஒருவரை ஒதுக்கவோ இழிவுபடுத்தவோ இடமளிக்க மாட்டோம் என்று கல்லூரி எழுத்தில் தரும் உறுதியாகும்.

இதற்கு அடிப்படை சட்டமே. கூட்டரசின் நிதியைப் பெறும் கல்வி நிறுவனங்களில் இனப் பாகுபாட்டை 1964ஆம் ஆண்டுச் சட்டமும், பாலினப் பாகுபாட்டை 1972ஆம் ஆண்டுச் சட்டமும், மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டை 1973ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கின்றன. மீறும் நிறுவனம் அந்த நிதியையே இழக்க நேரிடலாம்.

படிக்கட்டு மட்டுமே உள்ள நூலகத்தின் வாசலில் ‘அனைவரும் வருக’ என்று எழுதி வைத்தாலும், சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் இருந்தால்தான் அந்த வரவேற்பு உண்மையாகும். கொள்கைக்கும் அப்படிப்பட்ட சாய்தளங்கள் தேவை: புகாரைப் பெறும் அலுவலர், இரு தரப்பையும் கேட்கும் விசாரணை, புகார் அளித்தவரைப் பழிவாங்கக் கூடாது என்னும் விதி. என் பார்வையில் இவற்றுள் கடைசி விதியே இன்றியமையாதது. மதிப்பெண் பறிபோகுமோ என்று அஞ்சும் மாணவர் வாய் திறக்கவே மாட்டார்.

அச்சமின்றிப் புகார் அளிப்பது வளாகப் பாதுகாப்பிலும் முக்கியம்; அதற்கென 1990இல் இயற்றப்பட்ட கிளெரி சட்டம் உள்ளது. இதன்படி, கல்லூரிகள் மூன்று ஆண்டுகளின் குற்றப் புள்ளிவிவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அந்த எண்ணிக்கை கூடுதலாக உள்ள கல்லூரியே ஆபத்தானது என்று பலர் கருதுகின்றனர். ஆனால் பதிவான புகார்கள் மட்டுமே அதில் வருவதால், மாணவர்கள் நம்பிக்கையுடன் புகார் அளிக்கும் வளாகத்திலும் அந்த எண் உயர்ந்து காணப்படலாம்.