கறுப்பு மை ஏன் வெளிறுகிறது? எந்த மையில் வரையலாம்?

கேள்வி: ஜெல் பேனாவாலும் ஃபவுண்டன் பேனாவாலும் தாளில் கோட்டோவியங்கள் வரைகிறேன். சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டிய படம் ஓராண்டுக்குள் வெளிறி, கறுப்பு ஊதாவாகத் தெரிகிறது. படங்களை விற்கவும் நினைக்கிறேன். எந்த மை, எந்தத் தாள் வாங்க வேண்டும்? வெளிறிய படத்தை மீட்க முடியுமா?

பதில்: முதலில் மையை மாற்றுங்கள். தாளும் கண்ணாடியும் அதற்கு அடுத்துதான்.

நீங்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் சாய மையாக இருக்கும். ஃபவுண்டன் பேனா மைகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். அதில் நிறம் தண்ணீரில் முழுக்கக் கரைந்திருக்கும். பல சாயங்களைக் கலந்துதான் கறுப்பை வரவழைப்பார்கள். வெளிச்சம் ஒவ்வொரு சாயத்தையும் ஒவ்வொரு வேகத்தில் சிதைக்கும். மற்றவை போனபின் மிஞ்சியதுதான் நீங்கள் பார்க்கும் ஊதா. வின்சென்ட் வான் கோ 1888-இல் ஆர்ல் நகரில் நாணல் பேனாவால் வரைந்த ஓவியங்கள் பல இன்று பழுப்பேறிக் கிடப்பதற்கும் அவர் பயன்படுத்திய மைகளே காரணம். அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே புகைக்கரி மையில் தீட்டிய சீன ஓவியங்களோ இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன. கரி, வெளிச்சத்துக்கு அசையாத நிறமி; அதாவது, சாயம்போல் கரையாமல் நுண்துகளாகவே நிற்கும் நிறப்பொருள்.

ஆகவே புட்டியில் 'பிக்மென்ட்' (நிறமி) அல்லது 'கார்பன்' என்று இருக்கிறதா பாருங்கள். 'வாட்டர்ப்ரூஃப்' என்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். தண்ணீருக்குக் கரையாத மை வெயிலுக்கு வெளிறலாம். பிக்மா மைக்ரான் போன்ற பேனாக்களில் இருப்பது நிறமி மை. ஃபவுண்டன் பேனாவுக்கென்றே பிளாட்டினம் கார்பன் மை கிடைக்கிறது. அரக்கு கலந்த இந்தியன் இங்கை மட்டும் ஃபவுண்டன் பேனாவில் ஊற்ற வேண்டாம். உள்ளே காய்ந்து அடைத்துவிடும். தொட்டு எழுதும் நிப்புக்கும் தூரிகைக்கும் அது அருமையான மை. வண்ண மைகளில் இன்னும் கவனம் தேவை. பளிச்சென்ற சிவப்பும் ஊதாவும் பல நேரம் சாயம்தான். அக்ரிலிக் மைகளில் நிறமி இருக்கும், ஆனாலும் லேபிளில் 'லைட்ஃபாஸ்ட்' (வெளிச்சத்தைத் தாங்கும்) தரத்தைப் பார்த்தே வாங்குங்கள்.

லேபிளைவிட நான் நம்புவது ஜன்னலைத்தான். கையிலிருக்கும் ஒவ்வொரு மையாலும் ஒரே தாளில் பட்டையாகக் கோடு போட்டு, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். மூன்று மாதம் கழித்து மூடியைப் பிரித்தால் இரு பாதிக்கும் உள்ள வித்தியாசமே பதில் சொல்லிவிடும். தேறாத மையைக் குறிப்பேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விற்கும் படத்தில் அது வேண்டாம்.

தாளுக்கு அமிலமற்ற, முழுப் பருத்தித் தாள். மரக்கூழிலுள்ள லிக்னின் தாளை மஞ்சளாக்கும். நிப்புக்கு வழவழப்பான 'ஹாட் பிரஸ்' ஏற்றது. சொரசொரப்பான தாளில் நிப்பு முனை நாரில் சிக்கித் தெறிக்கும். மேலே நீர்வண்ணம் பூசுவதானால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமனான தாள் எடுங்கள். மை உறிஞ்சாதிருக்கப் பூசும் பசையேற்றம் அதிகமுள்ள தாளில் மை மேலேயே நின்று மெதுவாகக் காயும். ஓர் இரவு விட்டுவிட்டுப் பூசுங்கள்.

மாட்டும் இடம், ஜன்னலுக்கு எதிரே கூடவே கூடாது. அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான ஒளியே போதும் என்கின்றன. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி உதவும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை வெளிறச் செய்யும். படம் கண்ணாடியைத் தொடாதபடி இடையில் மவுன்ட் அட்டை வையுங்கள். செல்லோடேப் பக்கமே போக வேண்டாம்.

வெளிறிய படத்தில் போன சாயம் திரும்பாது. மேலே கோடு இழுத்துக் கறுப்பாக்கவும் முயலாதீர்கள். பழைய கோட்டின் அழுத்தமும் வேகமும் புதுக் கோட்டில் வராது, படம் இறுகிப்போகும். இப்போதே 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுத்து, மூலத்தை இருட்டான உறையில் வையுங்கள். ஸ்கேனில் கறுப்பைச் சரிசெய்து, பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிடலாம். அதை விற்றால் அச்சுப்பிரதி என்று சொல்லியே விற்க வேண்டும்.