கைக்குழந்தையோடு ஊட்டிக்குப் போகலாமா?

கோடை விடுமுறை நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரிசார்ட்டுக்குப் போவது பற்றியே. மூன்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. மே மாதம் மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம் எல்லோரும் சேர்ந்து ஊட்டியில் ஒரு ரிசார்ட்டில் மூன்று இரவு தங்க ஏற்பாடு ஆகிவிட்டது. எனக்கும் ஆசைதான், பிரசவத்துக்குப் பிறகு நான் வெளியே போனதே தடுப்பூசி போடத்தான். ஆனால் என் அம்மா, "ஒரு வயசு ஆகாம மலை ஏத்தாதே, பனி தாங்காது" என்கிறார். பாப்பா தூளி இல்லாமல் தூங்கவும் மாட்டாள். போகலாமா?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: போகலாம். தயங்காமல் போய் வாருங்கள்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் வரும் தொல்லைகள் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். நிறைமாதத்தில் பிறந்து, நன்றாகப் பால் குடித்து, எடை கூடிக்கொண்டிருக்கிற ஏழு மாதக் குழந்தைக்கு அது பயப்பட வேண்டிய உயரம் இல்லை. குறைமாதத்தில் பிறந்தவள், இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு உள்ளவள், கிளம்புகிற வாரத்தில் மூச்சு இரைப்பவள் என்றால் மட்டும் உங்கள் குழந்தை மருத்துவரைப் பார்க்காமல் வண்டி ஏறாதீர்கள். அம்மா சொல்கிற பனியைத் தள்ளிவிட வேண்டாம், அது நிஜம்தான். சென்னையில் 38 டிகிரியில் கிளம்பி மறுநாள் ராத்திரி 11, 12 டிகிரியில் படுக்கப் போகிறீர்கள். நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு சட்டை கூடுதலாகப் போட்டால் போதும். கையும் காலும் சில்லென்று இருக்கிறதே என்று மேலும் மேலும் சுற்றாதீர்கள், பிடரியில் கை வைத்துப் பாருங்கள், அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் சரி, வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். தூங்கும்போது குல்லாய் வேண்டாம்.

இனி பயணம். ஆபீஸ் முடிந்து வந்த கையோடு உங்கள் கணவர் ராத்திரி முழுக்கக் கார் ஓட்டி விடியும்போது மலை ஏறுவது என்கிற திட்டம் இருந்தால் தயவுசெய்து மாற்றச் சொல்லுங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். கீழ் பெர்த் கிடைக்கிற மாதிரி முன்பதிவு செய்யுங்கள், ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காதவரை டிக்கெட் வேண்டாம். அங்கிருந்து டாக்ஸி. நீலகிரிக்குள் நுழையும் வண்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், டிரைவர் எடுத்துவிட்டாரா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள், பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் காத்து நிற்பது கொடுமை. மலை ஏறும்போது காது அடைத்துக்கொண்டு குழந்தை அழும், எதையாவது விழுங்கினால் காது விட்டுவிடும். ஆனால் வண்டி கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது பால் கொடுக்காதீர்கள். பர்லியாரில் நிறுத்துங்கள், பத்து நிமிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள். மடியில் உட்காரவைப்பது நம் வழக்கம்தான், ஆனால் ஒரு பிரேக் போட்டால் எந்தக் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது, குழந்தை சீட் உள்ள வண்டி கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது எடுங்கள். பொம்மை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்தே ஏறினால் 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆகும், குழந்தைக்கு அது ரொம்ப அதிகம். ஆசை இருந்தால் ஒரு நாள் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ஏறிப் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் கொதி வந்ததும் இறக்காமல் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். ஃபிளாஸ்க்கும் எவர்சில்வர் பாட்டிலும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. பால் பவுடர் கொடுப்பவர் என்றால், கொதித்த தண்ணீர் அரை மணி நேரத்துக்குள், இன்னும் நல்ல சூட்டோடு இருக்கும்போதே கலக்க வேண்டும், ஆறவைத்துக் கொடுக்க வேண்டும், கலந்தது இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். அறையில் வைத்திருக்கும் கெட்டிலை நம்பாதீர்கள். என் மகன் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது நாங்கள் தங்கிய ஒரு விடுதியில் கெட்டில் மூடியைத் திறந்தேன், நூடுல்ஸ் மசாலா வாசனை குப்பென்று வந்தது, அடியில் மஞ்சளாக ஒரு படிவு. அதிலிருந்து என் வீட்டுக் கெட்டில் இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை.

சாப்பாட்டுக்கு ரொம்பத் திண்டாட வேண்டாம். வீட்டில் அரைத்த சத்துமாவோ ராகி மாவோ ஒரு டப்பாவில். மற்றபடி ரிசார்ட் சமையல்காரரிடம், உப்பு போடாமல், தாளிக்காமல், பருப்பும் சோறும் குழைய வேகவைத்துத் தரச் சொன்னால் செய்து தருவார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு வேண்டும் என்றால் மதியமே சொல்லிவிடுங்கள்.

தூளிக்கு வருவோம். ரிசார்ட் அறையில் உத்தரமும் இருக்காது, கொக்கியும் இருக்காது. ஜன்னல் கம்பியிலும் கர்ட்டன் கம்பியிலும் புடவையைக் கட்டிப் பார்க்கிறவர்களைத் தெரியும், அந்த வேலையே வேண்டாம், கர்ட்டன் கம்பி துணியைத் தாங்கத்தான் இருக்கிறது, குழந்தையை இல்லை. இன்னும் நாள் இருக்கிறது, இன்றிலிருந்து பகல் தூக்கம் ஒன்றை மட்டும் பாயில் பழக்குங்கள். முதல் நான்கு நாள் அழுவாள், பக்கத்தில் படுத்துத் தட்டிக் கொடுங்கள். ஊட்டியில் 'எக்ஸ்ட்ரா பெட்' கேட்டு வாங்கி, அந்த மெத்தை கெட்டியாக இருந்தால், தூளிப் புடவையையே அதன்மேல் இழுத்து விரித்து ஓரங்களை அடியில் செருகிவிடுங்கள். அந்தப் பழைய பருத்தி வாசனையில் பாதித் தூக்கம் வந்துவிடும். மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம். பெரியவர்களுக்குப் போட்டிருக்கும் அமுங்குகிற மெத்தையில், நாலு தலையணைக்கும் கனமான ரஜாய்க்கும் நடுவே மட்டும் படுக்க வைக்காதீர்கள்.

மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றையும் ஊட்டியில் அன்போடு யாராவது நீட்டுவார்கள். ஒன்று தைலம். லேசாக மூக்கு ஒழுகினால் போதும், கடைகடையாக விற்கிற யூகலிப்டஸ் தைலத்தை வாங்கி நெஞ்சில் தேய்க்கச் சொல்வார்கள். கைக்குழந்தைக்கு அதுவும் கூடாது, கற்பூரம் சேர்ந்த எதுவும் கூடாது, மூச்சுத் திணறலோ வலிப்போ வரலாம். இரண்டாவது மலைத்தேன். ஒரு வயது வரை தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பையே முடக்கும். மூன்றாவது கரி நெருப்பு. கேம்ப் ஃபயர் முடிந்ததும் மிச்சக் கங்கைச் சட்டியோடு அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொள்வது உயிரைக் குடிக்கும், அந்தக் கங்கிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனை இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. ஏழு மாதக் குழந்தைக்கு ஊட்டியும் ஒன்றுதான், பெரம்பூரும் ஒன்றுதான். இந்த லீவு உங்களுக்கு. ஏழு மாதமாகச் சேர்ந்தாற்போல் தூங்காதவர் நீங்கள், அங்கேயும் போய் பாட்டில் கழுவி, துணி அலசி, கூட்டத்தோடு பொட்டானிக்கல் கார்டன், படகு இல்லம், பைக்காரா என்று ஒரே நாளில் ஓடினால் திரும்பி வரும்போது காய்ச்சலோடுதான் வருவீர்கள். ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். கிளம்புவதற்கு முன்பே கணவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்: காலை ஆறிலிருந்து எட்டு வரை பாப்பா அவரிடம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நாத்தனாரிடம். போன பிறகு கேட்டால் அது சண்டையாகும், முன்பே பேசினால் ஏற்பாடு. மற்றவர்கள் பைக்காரா போகட்டும், நீங்கள் பாப்பாவோடு படுத்துத் தூங்குங்கள். அத்தை கோபித்துக்கொள்வாரோ என்று நினைக்காதீர்கள், அவரும் கைக்குழந்தையை வளர்த்தவர்தான், வாய்விட்டுச் சொன்னால் புரிந்துகொள்வார்.

கேள்வி: மகாபலிபுரம் பக்கம் கடற்கரை ரிசார்ட்டுக்குப் போகிறோம். பையனுக்குப் பத்து மாதம். நீச்சல் குளத்தில் இறக்கலாமா? கழுத்தில் மாட்டும் காற்று வளையம் ஆன்லைனில் பார்த்தேன், வாங்கட்டுமா?
– வாசகர், வேலூர்

பதில்: அந்த வளையத்தை வாங்காதீர்கள். காற்று இறங்கினாலோ நழுவினாலோ ஒரு நொடியில் முகம் தண்ணீருக்குள் போய்விடும். உங்கள் இரண்டு கைதான் அவனுக்கு வளையம். குளத்துத் தண்ணீர் உங்களுக்கே சில்லென்று இருந்தால் அவனுக்கு வேண்டாம், வெதுவெதுப்பாக இருந்தால் வெயில் ஏறுவதற்கு முன் பத்து நிமிடம், உதடு வெளுப்பதற்குள் தூக்கித் துவட்டிவிடுங்கள். கடலில் இறக்கவே வேண்டாம், அந்தக் கரையில் அலை காலை வாரி இழுக்கும், ஈர மணலில் பாதம் பதிய நிற்க வையுங்கள், அதற்கே சிரிப்பான்.

நான் அதிகம் பயப்படுவது அறையைப் பார்த்துத்தான். தவழும் பிள்ளை. உள்ளே நுழைந்ததும் பெட்டியைத் திறப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை மண்டி போட்டுத் தவழ்ந்து பாருங்கள். எங்களுக்குக் கட்டிலுக்கு அடியில் ஒரு ஹேர்பின்னும், வேர்க்கடலைத் தோலும், பாதி பிரித்த மாத்திரை அட்டையும் கிடைத்தன. குளியலறை வாளியில் ஒரு சாண் தண்ணீர்கூட விட்டுவைக்காதீர்கள். பால்கனிக் கம்பி இடைவெளியில் அவன் தலை நுழையுமா என்று பாருங்கள், நுழையும் போலிருந்தால் அறையை மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: பேரனுக்கு ஐந்து மாதம். மகனும் மருமகளும் ஏற்காட்டுக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள். 'நீங்க வந்தாத்தான்மா எங்களால நிம்மதியா இருக்க முடியும்' என்கிறான் மகன். எனக்கு 64 வயது, முழங்கால் வலி. பேரன் என்றால் உயிர். ஆனால் மூன்று நாளும் அறையில் குழந்தையோடு நான், வெளியே அவர்கள் என்று ஆகிவிடுமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, அப்படி நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. பேரனைப் பிடிக்கும் என்பதும் முழங்கால் வலிக்கிறது என்பதும் இரண்டும் உண்மை. மருமகளிடம் சாடையாகச் சொல்லாதீர்கள், அது வேறு மாதிரி போய்ச் சேரும். மகனிடம் நேராகவே, "வரேன்பா, ஆனா பகல்ல ரெண்டு மணி நேரம் நான் பாத்துக்கறேன், ராத்திரி உங்ககிட்டதான், ஒரு நாள் சாயங்காலம் என்னையும் ஏரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று சொல்லுங்கள். ஐந்து மாதம்தான் என்பதால் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தேவையில்லை, தண்ணீர்கூட வேண்டாம், ஆகவே மருமகளும் ரொம்ப நேரம் விட்டுவிட்டுப் போக முடியாது.

ஏற்காட்டில் ரிசார்ட்டுகள் சரிவில் கட்டியவை, சாப்பாட்டுக் கூடத்துக்கே நாற்பது படி இறங்க வேண்டியிருக்கும். புக் செய்யும்போதே படி இல்லாத தரைத்தள அறை, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில், என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். முழங்கால் மாத்திரையையும் ஸ்வெட்டரையும் உங்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், குழந்தை சாமான் மூட்டைக்குள் போனால் தேடி எடுக்க முடியாது.