த்ரீ டன்ஸும் அதன் லேண்ட்லார்டுகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பிஷப்ஸ் காசில் என்ற சிற்றூருக்குப் போயிருந்தேன். அங்கே உள்ள 'த்ரீ டன்ஸ்' பப் 1642இல் உரிமம் பெற்றது என்றார்கள். அன்று முதல் அதை நடத்தியவர்களின் பட்டியலைத் திரட்ட முடியுமா? லேண்ட்லார்ட் என்றால் கட்டடத்தின் சொந்தக்காரர்தானே? ராபர்ட்ஸ் என்ற ஒரே குடும்பம் மூன்று தலைமுறை அங்கே நிலைத்தது எப்படி?

வாசகி, பர்மிங்ஹாம்

அன்புள்ள வாசகிக்கு,

நடுவில் கேட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பப்பின் லேண்ட்லார்ட் பெரும்பாலும் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. உரிமத்தைத் தன் பெயரில் வைத்துக் கடையை நடத்துபவரைத்தான் அப்படி அழைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய ப்ரூவரிகள், அதாவது பீர் காய்ச்சும் ஆலைகள், பப்புகளை வாங்கிக் குவித்தன. அவற்றில் லேண்ட்லார்ட் வெறும் குத்தகைக்காரர். வாடகையும் கட்டவேண்டும், அந்த ப்ரூவரியின் பீரை அது சொல்லும் விலைக்கே வாங்கவும் வேண்டும். இதற்கு 'டைட் ஹவுஸ்' என்று பெயர். விற்பனை படுத்தால் ஆள் மாறிவிடுவார். ஒரு பப்பின் பட்டியலில் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு பெயர் வந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான்.

ராபர்ட்ஸ் குடும்பம் 1976 வரை நிலைத்ததற்குக் காரணம் கடையின் பின்னால் நிற்கிறது. அவர்கள் பீரைத் தாங்களே காய்ச்சினார்கள். விக்டோரியா காலத்து அந்தக் கோபுர ப்ரூவரியை நின்று பார்த்திருப்பீர்கள் என நம்புகிறேன். தண்ணீரையும், முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டையும் ஒருமுறை உச்சிக்கு ஏற்றிவிட்டால் போதும், மற்ற வேலையை ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும். மேலே அரைத்த மால்ட் கீழ்த்தளத் தொட்டியில் விழுந்து, சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறும். வடிந்த இனிப்புச் சாறு கொப்பரைக்கு இறங்கி, கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கும். பிறகு ஆறி, ஈஸ்ட்டால் நொதிக்கும் தொட்டிக்கு வரும், கடைசியில் தரைமட்டத்தில் பீப்பாயில் நிறையும். சாறு ஆறுமுன் ஈஸ்ட்டைப் போட்டால் அது செத்துவிடும். ஆறவிட்டுக் கிடப்பில் போட்டால் கண்ட கிருமியும் குடியேறிப் பீர் புளித்துவிடும். இந்தக் கைப்பக்குவம் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. பீருக்காக எந்த ப்ரூவரியையும் நம்பியிருக்கவேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இப்படித் தானே காய்ச்சும் பழைய பப்புகள் நான்கே எஞ்சியிருந்தன, அதில் இது ஒன்று. அது தப்பிப் பிழைத்ததை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

இனி பட்டியல். முழுதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1552ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏல் எனும் பீரை விற்க இரண்டு நீதிபதிகளின் அனுமதி வேண்டும். விற்பவர் பிணைப்பத்திரமும் எழுதித் தரவேண்டும். அந்தப் பழைய பத்திரங்களில் பெரும்பாலும் ஆளின் பெயரும் ஊரும் இருக்கும், கடையின் பெயர் இருக்காது. 1642 என்பதை ஒரு கடையோடு பொருத்த வேறு சான்றும் தேவைப்படுவது அதனால்தான். 1753இலிருந்து இவற்றைப் பதிவேட்டில் ஏற்றுவது கட்டாயமானது. 1828இல் வந்த புதிய சட்டத்தோடு அந்த வழக்கம் நின்றது. மறுபடி உரிமப் பதிவேடு கட்டாயமானது 1872இல். நடுவே கிடக்கும் இடைவெளியை பிகட், கெல்லி போன்ற வணிகக் கையேடுகளையும், 1841இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் கொண்டுதான் நிரப்பவேண்டும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1830ஆம் ஆண்டுச் சட்டத்தால், இரண்டு கினி (பழைய ஆங்கிலப் பணம்) கட்டிய எவரும் நீதிபதியிடம் போகாமலே பீர்க்கடை திறக்க முடிந்தது. 1869 வரை அந்தக் கடைகள் நீதிமன்றத் தாள்களில் அகப்படா. கையேட்டிலோ கணக்கெடுப்பிலோ 'விட்லர்' (victualler) என்று எழுதியிருந்தால் சாராயமும் விற்கும் முழு உரிமம், 'பீர் ரீடெய்லர்' என்றால் பீர்க்கடை. இரண்டையும் குழப்பினால் ஒருவரை வேறொரு கடையில் உட்கார்த்திவிடுவீர்கள். கணவர் கொல்லராகவோ கசாப்புக்காரராகவோ பதிவாகியிருக்க, கடையை மனைவி நடத்தியதும் உண்டு. கணவர் இறந்தால் உரிமம் விதவை பெயருக்கு மாறும். அந்த மாற்றம் உள்ளூர் செய்தித்தாளில் நீதிமன்றச் செய்திக்குள் ஒரே வரியாக வந்திருக்கும், அதைத் தேடுங்கள். பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். மூன்று டன், அதாவது மூன்று பெரிய பீப்பாய், லண்டன் திராட்சைமது வணிகர் சங்கத்தின் சின்னத்தில் உள்ளது. ஆகவே அதே பெயரில் பப்புகள் நாடெங்கும் உண்டு.

1921க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உதவாது. 1931 ஏடுகள் 1942இல் தீயில் எரிந்துபோயின, 1941இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடத்தில் கைகொடுப்பது 1939 செப்டம்பர் 29ஆம் தேதி எடுத்த தேசியப் பதிவேடுதான். ஷ்ரூஸ்பரியில் உள்ள ஷ்ராப்ஷயர் ஆவணக் காப்பகத்தில் தொடங்கலாம். ராபர்ட்ஸ் காலத்திலிருந்து பின்னோக்கி நகருங்கள், 1642இலிருந்து முன்னோக்கி வரவேண்டாம்.