கீமோ முடிந்த பிறகும் கால் மரப்பு கூடிக்கொண்டே போகிறதே, ஏன்? எப்படிச் சமாளிப்பது?

அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்காக ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றி முடித்து இரண்டு மாதம் ஆகிறது, பாத மரப்பு குறையாமல் கூடுகிறது, நோய்தான் திரும்பிவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். அதே மருந்தை ஏற்றிக்கொண்டவன் நான். எனக்கும் கடைசி ஊசிக்குப் பிறகுதான் கால் மோசமானது.

இந்த மருந்தின் குணம் அப்படி. முதுகுத்தண்டை ஒட்டியுள்ள உணர்வு நரம்பு முடிச்சுகளில் அது தங்கிவிடுவதால், ஊசி நின்ற பின்னும் இரண்டு மூன்று மாதம் மரப்பு ஏறலாம். அப்புறம் பெரும்பாலானவர்களுக்கு மெல்ல இறங்கும். மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு வருடக்கணக்கு. கொஞ்சம் தங்கிவிடுவதும் உண்டு. நீளமான நரம்புகள்தான் முதலில் அடிபடும் என்பதால் இரண்டு கால்விரல்களிலும் ஒன்றுபோலத் தொடங்கும், பிறகு கைவிரல். ஒரு கால் மட்டும் மரத்தால், காலில் பலம் குறைந்தால், புதிதாக முதுகுவலியோ சிறுநீர், மலம் போவதில் சிக்கலோ வந்தால் இது வேறு விஷயம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

வலியைவிட என்னைப் படுத்தியது பாதத்திலிருந்து தகவலே வராததுதான். ஒருநாள் கேட் வரை நடந்து போய்க் குனிந்து பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது வராந்தாவிலேயே கழன்று கிடக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஹவாய் செருப்பைப் பிடித்துக்கொள்வது விரல்கள்தான். அதனால் பின்பக்கம் வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர் அடி வைத்த) செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளும் போட்டேன். வாஷ்பேசினில் கண்ணை மூடி முகம் கழுவும்போது உடம்பு சாயும். ஒரு கை சுவரில் இருக்கட்டும். ராத்திரி பாத்ரூம் வழியில் விளக்கு எரியட்டும். இனி கால் பார்த்த வேலையைக் கண்தான் பார்க்க வேண்டும். அம்மா படுக்கும் முன் அவருடைய உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெந்நீர் ஒத்தடம் மட்டும் வேண்டாம், கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரியும். குளிக்கிற தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கூட்டர் ஓட்டுபவராக இருந்தால் இப்போதைக்குச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து என்று வந்தால், எரிச்சலும் குத்தலுமான வலிக்கு ஓரளவு நிரூபிக்கப்பட்டது டுலாக்செட்டின் ஒன்றுதான். 2013இல் வெளியான ஆய்வில், ஆக்ஸாலிபிளாட்டின் எடுத்தவர்களுக்கு அது கூடுதலாகக் கேட்டதுபோல் தெரிந்தது. மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மாத்திரை என்பதால் வீட்டில் யாராவது முகம் சுளிப்பார்கள், விடுங்கள். ஆனால் திடீரென்று நிறுத்தக்கூடாது. வெறும் மரப்புக்கு அது பெரிதாக உதவாது.

‘நரம்புச் சத்து’ மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கவே வேண்டாம். பலவற்றில் வைட்டமின் பி6 இருக்கும், அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். சிலவற்றில் அசிட்டைல் எல் கார்னிட்டின் என்ற சத்துப்பொருள் கலந்திருக்கும். டாக்ஸேன் என்ற வேறு வகைக் கீமோ எடுத்த பெண்களிடம் நடந்த ஆய்வில் அது மரப்பைக் கூட்டியது. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்து மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் பி12 குறைந்திருக்கலாம். அதைச் சோதித்துவிட்டு, குறைந்திருந்தால் மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த முறை டாக்டர் “வலி இருக்கா?” என்று கேட்டால் அம்மா “இல்லீங்க” என்று சொல்லி எழுந்துவிடுவார், நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். நீங்கள் கூடப் போய், ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை, தோட்டுத் திருகாணி கைநழுவுகிறது, இருட்டில் தடுமாறுகிறார் என்று சொல்லுங்கள். பிசியோதெரபிக்கும் அங்கேயே எழுதி வாங்கிவிடுங்கள். நிலை தடுமாறாமல் நிற்கச் சொல்லித்தரும் பயிற்சிகள் எனக்கு மாத்திரையைவிட உதவின.