வெயிலில் கிடக்கும் பலகைக்கு என்ன பூசலாம்?

மர வேலை, பாலிஷ் தொடர்பான வாசகர்களின் கேள்விகளுக்குக் காரைக்குடி பாலிஷ் மேஸ்திரி பதில் சொல்கிறார். இந்த இதழில் வெளிப்புற மரத்தளம், அதாவது டெக்.

ஐயா, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போன வருடம் தேக்குப் பலகையில் டெக் போட்டோம். 12க்கு 20 அடி. வேலை செய்தவர் பளபளவென்று பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷ் அடித்துக் கொடுத்தார். மழைக்காலம் முடிந்ததும் பாலிஷ் தோல் தோலாக உரிய ஆரம்பித்துவிட்டது. அடியில் மரம் கறுத்திருக்கிறது. மேலேயே இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். அடிக்கலாமா?
— ஒரு வாசகி, நீலாங்கரை

அடிக்காதீர்கள் அம்மா. உரிகிற தோலுக்கு மேல் இன்னொரு தோல் போட்டால், அடுத்த ஐப்பசியில் இரண்டும் சேர்ந்து உரியும்.

அவர் மேல் கோபப்படவும் வேண்டாம். இதே தவறை நானும் செய்திருக்கிறேன். 2009-ல் கோவளம் பக்கம் ஒரு கடற்கரை வீடு. நிலைக்கதவு மாதிரி டெக்கும் மின்ன வேண்டும் என்று வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். நிறமில்லாத பி.யு. மூன்று கோட் அடித்தேன். முடித்த அன்று பார்க்க அவ்வளவு அழகு. இரண்டாவது மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால், பொரித்த அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது. என் செலவில் நானும் இரண்டு பையன்களும் 11 நாள் முட்டி போட்டு உட்கார்ந்து சுரண்டி எடுத்தோம். அதற்குப் பிறகு வெயில்படும் தரைப் பலகைக்கு நான் பி.யு. அடித்ததே இல்லை.

பி.யு. அடிப்பது மரத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை ஒட்டுகிற மாதிரி. ஆனால் மரம் சும்மா கிடப்பதில்லை. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். படலத்தால் அந்த அளவுக்கு இழுபட்டு வர முடியாது. ஸ்க்ரூ தலையிலோ பலகை முனையிலோ மயிரிழை விரிசல் விடும். அதன் வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. அதுதான் நீங்கள் பார்க்கும் கறுப்பு. இன்னொன்றும் உண்டு. நிறமில்லாத படலம் வெயிலை ரொம்ப நாள் தடுக்காது. புற ஊதாக் கதிர் அதைத் தாண்டிப் போய், மரநார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னினை உடைத்துவிடும். மரத்தின் மேல்பரப்பே பொடியாகிவிட்டால் பாலிஷ் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அதே பி.யு. உங்கள் வாசல் கதவில் வருடக்கணக்கில் நிற்பதற்குக் காரணம், அது நிழலில் இருப்பதுதான்.

சரி, இப்போது என்ன செய்வது? பழைய படலம் முழுவதும் வந்தாக வேண்டும். பெயிண்ட் ரிமூவர் பூசிச் சுரண்டுங்கள். அப்புறம் 60 நம்பர் உப்புத்தாள், அதற்குப் பிறகு 80. அதோடு நிறுத்திவிடுங்கள். கதவுக்குத் தேய்ப்பதுபோல் 220, 320 என்று போனால் மரத்தின் துளைகள் அடைந்துபோய் எண்ணெய் இறங்காது. மழையில் கால் வழுக்கவும் செய்யும்.

தேய்த்த பிறகும் ஸ்க்ரூவைச் சுற்றி நீலக்கறுப்பாக வட்டம் தெரிந்தால், அது இரும்பும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டாக்கிய கறை. ஆக்ஸாலிக் ஆசிட் தூளை ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் வீதம் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பூசுங்கள். கால் மணி நேரத்தில் கறை வெளுத்துவிடும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அது விஷம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது, குழந்தைகளை மாடிக்கு விடக்கூடாது. ஆனால் ஸ்க்ரூவை மாற்றாவிட்டால் கறை திரும்ப வரும். நீலாங்கரையில் உப்புக்காற்று என்பதால் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ கேட்டு வாங்குங்கள். 304 தரம் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் தாங்கும், கடற்கரையில் துருப்பொட்டு விடும்.

பூசுவதற்கு முன்னால் ஒரே ஒரு பலகையைக் கழற்றி அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மாடியில் தண்ணீர் ஓடும் வாட்டத்துக்குக் குறுக்கே, பலகையைத் தாங்கும் ரீப்பர் கட்டையைப் போட்டிருந்தால், ஒவ்வொரு கட்டையும் ஒரு சின்ன அணை. மழைத்தண்ணீர் அங்கே தேங்கி, இலைச்சருகும் சேர்ந்து, பலகையின் அடிவயிறு வாரக்கணக்கில் நனைந்தே கிடக்கும். மேலே எத்தனை விலை எண்ணெய் பூசினாலும் அது கீழிருந்து மக்கும். கட்டைக்கு அடியில் அங்கங்கே ரப்பர் துண்டு கொடுத்துத் தூக்கிவிட்டால் தண்ணீர் ஓடிவிடும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே 4, 5 மில்லிமீட்டர் இடைவெளியும் வேண்டும்.

எண்ணெய்க்கு வருவோம். தோல் கட்டாமல் உள்ளே இறங்குகிற டெக் ஆயில் வாங்குங்கள். லேசான பழுப்பு நிறமி கலந்ததாக இருக்கட்டும். வெயிலைத் தடுப்பது அந்த நிறமிதான். டப்பாவில் ‘டீக் ஆயில்’ என்று எழுதியிருந்தால் தேக்கிலிருந்து எடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ, டங் என்ற மரத்தின் கொட்டை எண்ணெயோ, அதோடு தின்னரும் கொஞ்சம் வார்னிஷும் கலந்திருக்கும்.

தை, மாசி மாதம் இந்த வேலைக்குத் தோது. மூன்று நாளாவது மழையில்லாமல் பலகை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஆனால் உச்சிவெயிலில் பூசக்கூடாது. சுடுகிற பலகையில் எண்ணெய் இறங்குவதற்கு முன்பே மேலே காய்ந்துவிடும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்போ, நாலு மணிக்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பலகை முனைகள். மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து தண்ணீர் ஏறிய குழாய்களெல்லாம் அங்கேதான் வாய் திறந்து நிற்கின்றன. மேல்பக்கத்தைவிட முனை பல மடங்கு குடிக்கும். இரண்டு மூன்று தடவை, அது போதும் என்று நிறுத்தும்வரை கொடுங்கள். பிறகு மேல்பக்கம், ரேகை ஓடும் திசையிலேயே பிரஷ் ஓட வேண்டும். உங்கள் அளவுக்கு முதல் கோட்டுக்கு இரண்டரை லிட்டர் வரை பிடிக்கும்.

பூசி 15, 20 நிமிடம் கழித்து, மேலே நிற்கும் எண்ணெயைப் பருத்தித் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியதைத் துடைத்து எறிவதா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்ட எண்ணெய்தான் பிசுபிசுவென்று தூசி பிடித்துக் கறுக்கிறது.

இனி வருடா வருடம் பொங்கல் முடிந்ததும் பலகையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் விட்டுவிடலாம். உடனே உறிஞ்சிக் கறுத்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து ஒரு கோட் கொடுங்கள். தேய்க்கவோ சுரண்டவோ தேவையே இருக்காது. எண்ணெய்ப் பூச்சில் எனக்குப் பிடித்தது இதுதான், பழையதை எடுக்காமலே புதியதைக் கொடுக்கலாம்.

எதுவுமே பூசாமல் விட்டால் என்ன? எஸ்டேட்டில் வெட்டிய சில்வர் ஓக் பலகையில் தோட்டத்து மேடை போட்டிருக்கிறேன். வெள்ளி நிறத்துக்கு மாறினால் அழகாக இருக்கும் என்று தோன்றுகிறது.
— ஒரு வாசகர், ஏற்காடு

தேக்கின் வைரப் பகுதியாக, அதாவது முற்றிய நடுமரமாக இருந்தால் தாராளமாக விடுங்கள் என்பேன். வெயிலில் நரைப்பது மேல்பரப்பில் மட்டும்தான், உள்ளே மரம் அப்படியே இருக்கும். பர்மாவில் அமரபுராவில் ஒரு ஏரியின் குறுக்கே 1850 வாக்கில் கட்டிய ஊ பெயின் பாலம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், முழுக்கத் தேக்கு. தண்ணீரிலேயே நிற்கிற சில தூண்களை மாற்ற வேண்டி வந்தது. ஆனால் நூறு வருடத்துக்கு மேலாக அந்தப் பாலத்தில் ஜனங்கள் நடந்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வீடுகளின் தூண்களும் அந்த நாட்டுத் தேக்குதான். அதனால் அந்த மரத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

உங்கள் சில்வர் ஓக்கிற்கு அந்தச் சக்தி கிடையாது, தம்பி. வீட்டுக்குள் பலகைக்கும் பெட்டிக்கும் நல்ல மரம். ஏற்காட்டு மூடுபனியில் பூசாமல் விட்டால் பூஞ்சை பிடித்து மெத்தென்று ஆகிவிடும். போராக்ஸ் மருந்து அடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மழைபடும் இடத்தில் அது கரைந்து ஓடிவிடும். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கட்டை சேரும் இடங்களில் அழுத்திப் பாருங்கள். நுனி சுலபமாக இறங்கினால் அந்தப் பலகையை மாற்றுங்கள். மீதியைக் காப்பாற்ற எண்ணெயைவிட மேலே ஒரு கூரைதான் உதவும்.

எங்கள் பக்கம் முந்திரிக்கொட்டை எண்ணெய் சுலபமாகக் கிடைக்கிறது. டெக்குக்கு அடிக்கலாமா?
— ஒரு வாசகர், பண்ருட்டி

அடியிலுள்ள கட்டைக்கும் காலுக்கும் அடிக்கலாம். கரையான் கிட்டே வராது. ஓட்டு வீட்டுக் கைமரத்துக்கு அந்தக் காலத்திலிருந்தே அடிக்கிற பழக்கம்தான். ஆனால் நடக்கிற பலகைக்கு வேண்டாம். கறுப்பாகிவிடும், காய நாள் பிடிக்கும், பச்சையாகக் கையில் பட்டால் தோல் வெந்துவிடும். முழங்கை வரை உறை போட்டுக்கொண்டு, நன்றாகக் காய்ந்த பிறகே மேல்பலகையை மாட்டுங்கள்.

நாங்கள் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். மருந்து ஏற்றிய பைன் மரத்தில் புதிதாக டெக் கட்டினோம். குளிர் வருவதற்கு முன் ஸ்டெயின் (மரத்தில் இறங்கும் நிறப்பூச்சு) அடித்துவிட வேண்டுமா?
— ஒரு வாசகி, கனடா

என் மகள் டொரண்டோ பக்கம்தான் இருக்கிறாள். ஒரு கோடையில் போயிருந்தபோது அவள் டெக்கை நானே கழுவி ஸ்டெயின் அடித்தேன், அதனால் கைப்பழக்கத்தில் சொல்கிறேன். அந்த மரம் கடையிலிருந்து வரும்போதே மருந்துத் தண்ணீரில் ஊறிக் கனமாக இருக்கும். ஈரத்தின் மேல் அடித்தால் நிற்காது. நான் மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையை இங்கே தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள்: துளி முத்தாக நின்றால் மரம் இன்னும் காயவில்லை, காத்திருங்கள். உறிஞ்சினால் தயார். பகலும் இரவும் 10 டிகிரிக்குக் குறையாத நாளாகவும் இருக்க வேண்டும். அதற்குள் குளிர் வந்துவிட்டால் அவசரப்படாமல் அடுத்த வசந்தத்துக்குத் தள்ளிப்போடுங்கள், ஒரு குளிர்காலத்தில் ஒன்றும் ஆகிவிடாது. பனி அள்ள இரும்பு மண்வெட்டி வேண்டாம், பிளாஸ்டிக்கால் பலகை நீளத்துக்கே தள்ளுங்கள்.

உங்களுடையது புதிது, பயமில்லை. ஆனால் 2004-க்கு முன் கட்டிய பழைய டெக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்து மருந்தில் ஆர்சனிக் உண்டு. 2003 கடைசியில்தான் வீட்டு உபயோகத்துக்கு நிறுத்தினார்கள். அந்தப் பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது, வெட்டிய துண்டை எரிக்கவும் கூடாது.

திண்ணையில் ஊஞ்சல் பலகை இருக்கிறது. சாரல் அடிக்கும். அம்மா காலத்திலிருந்து தேங்காய் எண்ணெய்தான் தேய்க்கிறோம். இப்போது ஒட்டுகிறது, வாடையும் வருகிறது.
— ஒரு வாசகி, தேவகோட்டை

தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் மரத்தில் காயவே காயாது. அப்படியே உள்ளே இருந்து சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சைக்குத் தீனியாகும். தின்னரில் நனைத்த துணியால் நாலைந்து தடவை துடைத்து, வெயிலில் வைத்து, 80 நம்பரும் 120-ம் போட்டுத் தேய்த்துவிட்டு, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் கொடுங்கள். ஹார்டுவேர் கடையில் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். கையால் தொட்டால் லேசாக ஈரம் தெரிகிற அளவுதான், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று கோட்.

இந்த எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வதுபோல் ஆவியாகி அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு பிறக்கும். பலகையில் அந்தச் சூடு தெரியாது. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும், நெருப்பே வேண்டியதில்லை. ஒரு தடவை சாயங்காலம் கருவிப் பெட்டியை எடுக்க வேலை இடத்துக்குத் திரும்பிப் போனேன். சாக்குக்குள் திணித்திருந்த துணி புகைந்துகொண்டிருந்தது. கை வைத்தால் பொறுக்க முடியாத சூடு. அந்த அறையில் நாலு டின் தின்னர் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு துணியையும் விரித்து, வெளியே கொடியில் ஒற்றையாகக் காயப்போட்ட பிறகுதான் கை கழுவுகிறேன். டெக் ஆயில் பூசுகிற நீலாங்கரை அம்மாவும் அப்படியே செய்யுங்கள். கொடி இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைத்துவிடுங்கள்.