விரதம் முறித்ததால்தான் அப்பா போனார் என்று நம்பும் தம்பி

சகோதரி, மாலை போட்டிருந்தபோது விரதத்தை முறித்ததால்தான் அப்பா விபத்தில் போனார் என்று உங்கள் 15 வயதுத் தம்பி நம்புவதாக எழுதியிருந்தீர்கள். "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று வாதாடாதீர்கள். சாமியையும் பிடுங்கிவிட்டால் அவன் எதைப் பிடித்துக்கொள்வான்? உளவியலாளர் கென்னத் பார்கமென்டின் ஆய்வுகளில், சாமி தண்டித்துவிட்டார் என்று நினைப்பவர்களுக்கு வேதனை கூடுகிறது, சாமி கூட இருக்கிறார் என்று நினைப்பவர்கள் ஓரளவு தாங்கிக்கொள்கிறார்கள்.

2004 சுனாமியில் அக்காவை இழந்தபோது எனக்கு 13 வயது. நானும் என்னையேதான் பழித்துக்கொண்டேன். அப்பாயி தினமும் என் கையைப் பிடித்து விளக்கில் எண்ணெய் ஊற்றவைக்கும். "சாமி புள்ளைங்ககிட்ட கணக்குப் பார்க்காதுடா" என்னும். அதை நம்ப எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

அவனுடைய குருசாமியை இதைச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், அவனுக்குத் தூக்கமே இல்லை என்றீர்களே, தள்ளிப்போடாமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம்.