ஊரோடு இருந்துவிட்ட வித்வான்

அன்புள்ள ஐயா,

நாகஸ்வர வித்வான்கள் ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். படித்ததிலிருந்து எங்கள் ஊர்ச் சிவன் கோயில் நாயனக்காரர் நினைவாகவே இருக்கிறது. எழுபது தாண்டியவர். சின்னப் பையனாக ஒத்து என்கிற சுருதிக் குழல் ஊத வந்தவர், அப்புறம் இந்தக் கோயிலை விட்டுப் போகவே இல்லை. திருவிழாவில் அவர் தோடி ராகம் வாசித்தால் சுவாமி நடுத்தெருவில் காத்துக்கொண்டிருக்கும் என்று அப்பா சொல்வார். இப்போது பல் போய்விட்டது. பக்கத்து ஊர்ப் பையன்கள் வந்து வாசிக்கிறார்கள், இவர் தாளம் போடுகிறார். மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், நாயனத்தைத் தொட்டதில்லை. ரேடியோவில் வாசித்ததில்லை, ஒரு கேசட் கூடக் கிடையாது. இவ்வளவு வித்தை இருந்தும் ஊரோடு இருந்து வீணாகிப் போனாரே என்று ஆதங்கமாக இருக்கிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

— ஒரு வாசகர், மயிலாடுதுறை பக்கம்

அன்புள்ள நண்பருக்கு,

வீணானதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அவரைச் சபாவின் கோலால் அளக்கிறீர்கள். இசைத்தட்டு, ரேடியோ, டிசம்பர் சீசன், பட்டம் எல்லாம் நாயனத்துக்குப் பிற்பாடு வந்து சேர்ந்தவை. காவிரிக்கரையில் ஒரு நாயனக்காரரின் தொழில் கோயில் பஞ்சாங்கத்தோடு கட்டப்பட்டது. விடியற்காலை பூபாளம், இரவு பள்ளியறைக்கு நீலாம்பரி, வருஷத்துக்கு ஒரு பிரம்மோற்சவம், நடுவில் முகூர்த்த நாட்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, கையில் காசும் இல்லை.

அந்தத் தொழிலில் ஒருவர் எப்படி ஏறி வருகிறார் என்று பாருங்கள். முதலில் ஒத்து. பாட்டு வாசிக்கிற வேலை அதில் கிடையாது, ஒரே சுருதி. மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே கன்னத்தில் அடக்கிய காற்றை வாயால் விட வேண்டும், நடுவே அறுந்துவிடக் கூடாது. ராத்திரி முழுக்க நாலு வீதியும் அப்படியே நடக்க வேண்டும். பையன் வாசிப்பதில்லையே தவிர, எந்த முனையில் எந்த ராகம், தவில் தனி எங்கே விடுவது, பெரியவர் எங்கே மூச்சு வாங்குகிறார் எல்லாம் காதில் ஏறிவிடும். சுருதிப்பெட்டி வந்ததும் ஒத்துக்காரப் பையனுக்கு வேலை போயிற்று. செட்டுக்கு ஓர் ஆள் கூலி மிச்சம்தான், ஆனால் சம்பளத்தோடு பாடம் கிடைத்த இடம் அது. போனது போனதுதான்.

அடுத்தது இரண்டாவது நாயனம். முதல் நாயனம் மூச்சு வாங்கும்போது இவர் ஷட்ஜத்தை, அதாவது ‘ஸ’வை, பிடித்து நிற்க வேண்டும், அவர் விட்ட இடத்தில் எடுத்துக் கொஞ்சம் வாசிக்க வேண்டும், அவரை மிஞ்சிவிடவும் கூடாது. காருகுறிச்சி இப்படித்தான் ராஜரத்தினம் பிள்ளைக்கு இரண்டாவது நாயனம் வாசித்து வளர்ந்தார். பிறகுதான் தனி செட். 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்கு வாசித்ததில் அவர் பெயர் தெரியாத வீடு இல்லாமல் போயிற்று. 1964இல் இறந்துவிட்டார், வயது நாற்பத்துச் சொச்சம்தான். உங்கள் ஊர்ப் பெரியவர் அதைவிட எத்தனையோ வருஷம் கூடுதலாக வாசித்திருக்கிறார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ராஜரத்தினம் பிள்ளையே திருவாவடுதுறை ஆதீனத்து வித்வான். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நாயனத்தை நீளமாக்கிச் சுருதியை இறக்கிக் கொடுத்தது அவருக்காகத்தான். ஆதீனமும் பட்டறையும் அடுத்தடுத்த ஊர். ஆச்சா மரம் கடைகிற ஆசாரி, நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியைக் கொறுக்கைத் தட்டையில் கட்டுகிறவர், தவிலுக்கு வார் பிடிக்கிறவர் எல்லாரும் ஒரு நாள் நடையில் கிடைத்ததால்தான் அவருடைய பேர்போன தோடி அப்படி வந்தது. இந்தக் கூட்டத்துக்கு வருஷம் முழுவதும் வேலை கொடுத்தது யார்? உங்கள் ஊர்க்காரரைப் போல ஊர் ஊராக இருந்து வாசித்த நூற்றுக்கணக்கான பேர். பெரிய வித்வானின் சீவாளிக் கடை அவர்கள் காசில்தான் நடந்தது.

வெளியிலிருந்து இந்த ஊர்களைத் தேடி வந்தவரும் உண்டு. ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்துக் கரவதிக்காரர். பரம்பரையாக நாகஸ்வரம் வாசிக்கிற குடும்பம். தஞ்சாவூர் பாணி மேல் ஆசைப்பட்டு நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்து கற்றார். பிறகு ஸ்ரீரங்கத்திலேயே வீடு. ரங்கநாதர் சந்நிதிக்கும் வாசித்தார், உலகமெல்லாமும் போனார். சங்கீத கலாநிதி பட்டம் 1998இல்தான் வந்தது, மறு வருஷம் போய்ச் சேர்ந்தார்.

இதைச் சொல்வதால், ஊர் எல்லாருக்கும் சோறு போட்டது என்று நான் கொண்டாடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களே வாசித்த வாத்தியத்தை எடுத்து, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தேடி அழைக்கிற அளவுக்குப் பெயர் வாங்கியவர். கணவர் இறந்ததும் வாசிப்பு நின்றது. மங்கல வாத்தியத்தை விதவை தொடலாமா என்கிற ஊர்தானே இது. கடைசிக் காலம் வறுமையில் போய் 2012இல் இறந்தார். ஆணுக்குப் பல் விழும்வரை தொழில், அவருக்குத் தாலி இருக்கும்வரை. வீணான வாழ்க்கை என்று நீங்கள் சொன்னதும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். அங்கேயும் வீணடித்தது ஊர், அவர் இல்லை.

காசு விஷயமும் அப்படித்தான். மானிய நிலம் இருந்த கோயிலில் நெல்லாவது வந்தது. பிறகு மாதச் சம்பளம், அதை வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற தொகை. இப்போது பல கோயில்களில் சுவிட்சைப் போட்டால் மோட்டாரில் நகராவும் மணியும் தானாக அடிக்கின்றன. கால பூஜைக்கு வாசிக்க ஆளே வேண்டாம். கல்யாணத்திலோ மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம். தாலி கட்டும்போது மட்டும் கெட்டிமேளத்துக்கு இவர்களைத் தேடுகிறார்கள். மகன் நாயனத்தைத் தொடவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். தொட வேண்டாம் என்று சொன்னது அப்பாவாகவே இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

பல் விஷயம் எழுதியிருந்தீர்கள். நாயனத்தோடு ஒரு கொத்துச் சீவாளி நூலில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், கூடவே தந்த ஊசி. வாசிக்கும் முன் ஒன்றை வாயில் வைத்து எச்சிலில் ஊறவிட்டு, ஊசியால் சீவாளியின் வாயைக் கொஞ்சம் விரித்து, ஊதிப் பார்த்து, பிடிக்காவிட்டால் அடுத்ததை எடுப்பார். மழை நாளுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று. அந்தச் சீவாளியை உதடுதான் அழுத்துகிறது, உதட்டுக்குப் பின்னால் நின்று தாங்குவது பல். முன்பல் ஆடத் தொடங்கினாலே காந்தார சுரம் நிற்காமல் நழுவும். கட்டுப்பல் வைத்துச் சமாளித்தவர்களும் உண்டு, பெரும்பாலோர் தாளத்துக்கோ பாடம் சொல்லவோ போய்விடுவார்கள். அவர் தாளம் போடுவதைப் பார்த்து நீங்கள் பரிதாபப்பட வேண்டாம். செட்டில் எல்லாரையும் கட்டிப் பிடிப்பது அந்தக் கைதான், வாசிக்கிற பையன்கள் தாளக் கணக்கில் தடுமாறினால் ஜாடையில் எடுத்துக் கொடுப்பதும் அவராகத்தான் இருக்கும்.

நீங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. போனில் ரெக்கார்ட் பண்ணுங்கள். ஊத முடியாதே தவிர வாயால் சொல்ல முடியும். சுவாமி புறப்பாடு மாதிரி கோயில் சடங்குகளுக்கு நாயனத்தில் வாசிக்கிற மல்லாரிக்குச் சாகித்யம், அதாவது பாட்டு வரி, கிடையாது, சொற்கட்டு மாதிரி சொல்லிவிடலாம். புறப்பாட்டு மல்லாரி எது, அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுத்து வரும்போது வாசிக்கிற தீர்த்த மல்லாரி எது, மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி எப்படி, தேர் மல்லாரி எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எல்லாம் பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகம்தான், ஆனால் ஊருக்கு ஊர் தாளக் கணக்கு மாறும். அப்புறம், உங்கள் ஊர்த் திருவிழாவில் எந்த நாள் எந்த வீதியில் என்ன ராகம் வாசிப்பது வழக்கம், அதை யார் சொல்லிக் கொடுத்தார், அவருக்கு யார் என்றும் கேளுங்கள். இது எந்த இசைத்தட்டிலும் இல்லை. அந்த ஒரு கோயிலுக்கு மட்டும் உரியது, அவருக்குப் பிறகு கேட்க ஆள் கிடைக்காது.

ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாத உதவி உண்டு. படிவம் நிரப்பச் சலித்துக்கொண்டே பல பேர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கூட உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.

ரெக்கார்ட் பண்ணப் போகும்போது அந்தப் பக்கத்து ஊர்ப் பையன்களில் ஒருவனையும், முடிந்தால் தவில்காரர் ஒருவரையும் அழைத்துப் போங்கள். நீங்கள் கேட்டால் மரியாதைக்கு ரெண்டு சொல்லி நிறுத்திவிடுவார். தொழில்காரன் எதிரில் உட்கார்ந்து கணக்குக் கேட்டால் நிறுத்த மாட்டார்.

அன்புடன்